அளவே மருந்து

குன்றாண்டார்கோவிலை உள்ளடக்கிய புதுக்கோட்டைச் சீமையில் 1886இல் பிறந்தவர் மருத்துவர் முத்துலெட்சுமி. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே, 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை அவர் தொடங்கத் தூண்டுகோலாயிற்று. இத்தகைய மருத்துவமனைகளில் நிணநீர்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் ஒரு மருந்தாகும்.

கதிர்வீச்சை அளக்கும் அலகு 'கிரே'. ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை ஏற்பின் அஃது ஒரு கிரே ஆகும். அளவு குறைந்தால் கட்டி அதே இடத்தில் மீண்டும் வளரக்கூடும். மிகுந்தால் அருகிலுள்ள நலமான உறுப்புகள் கெடும்.

மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு முன்பு 40 முதல் 45 கிரே வரை செலுத்தினர். 24 கிரேயே அதே பயனைத் தரும் எனப் பிரித்தானிய ஆய்வொன்று 2011இல் காட்டியது. அவ்வாறாயின், 4 கிரே போதுமா? 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு விடை தந்தது. ஈராண்டுகளுக்குப் பின், 24 கிரே பெற்ற இடங்களுள் நூற்றுக்கு 94இல் நோய் கட்டுப்பட்டிருந்தது. 4 கிரே பெற்றவற்றுள் 80இல் மட்டுமே கட்டுப்பட்டிருந்தது. எனினும், இரண்டே தவணைகளில் முடியும் 4 கிரே, துன்பத்தைத் தணிப்பதே நோக்கமாகும்போது பயன்படுகிறது.

நோயாளி, நோய், காலம் ஆகிய மூன்றையும் கருதி மருத்துவர் செயற்பட வேண்டும் என்னும் திருவள்ளுவரின் கருத்து, கதிர்வீச்சுக்கும் பொருந்துகிறது.