கம்பியை இழந்த மின்சார என்ஜின்கள்

புது தில்லி: சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் "சர் ரோஜர் லம்லி" என்ற மின்சார என்ஜின் நிற்கிறது. பம்பாய் மாகாண ஆளுநராக இருந்த ஒருவரின் பெயரைத் தாங்கிய இந்த என்ஜின், 1930-இல் தொடங்கிய "டெக்கான் குயின்" விரைவு ரயிலை இழுத்த வகையைச் சேர்ந்தது. இதற்குப் புதிய வண்ணம் பூசலாம், பித்தளையைத் துலக்கலாம். ஓட்ட மட்டும் இயலாது. காரணம், இது மின்சாரம் பெற்று வந்த கம்பி இன்று இந்திய ரயில்வேயில் எங்குமே இல்லை.

நாட்டின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாய் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. 1931-இல் சென்னைக் கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையிலும் மின்சார ரயில் வந்தது. இரண்டிலும் 1,500 வோல்ட் நேர்திசை மின்சாரமே பயன்பட்டது. ஐம்பதுகளின் இறுதியில் 25 ஆயிரம் வோல்ட் மாறுதிசை மின்சாரம் பொது முறையாக ஏற்கப்பட்டது. சென்னை அறுபதுகளிலேயே அதற்கு மாறிவிட்டது. மும்பையில் கடைசியாக ஹார்பர் பாதையில் 2016 ஏப்ரலில் பழைய முறை விடைபெற்றது.

நீராவி என்ஜின்களுக்கு இந்த இடர் நேரவில்லை. நிலக்கரியும் தண்ணீரும் கொடுத்தால் அவற்றுக்குப் பொருந்தும் அகலமுள்ள எந்தத் தண்டவாளத்திலும் அவை ஓடும். 1855-இல் உருவான "ஃபேரி குயின்" 1997-இல் மீண்டும் பயணிகளை ஏற்றியது. அதே காலத்தைச் சேர்ந்த இ.ஐ.ஆர்.-21 என்ஜின், பல ஆண்டுகள் காட்சிப் பொருளாக இருந்த பின்னர், 2010-இல் பெரம்பூர் பணிமனைத் தொழிலாளர்களின் கைவண்ணத்தால் உயிர் பெற்றது.

தில்லி அருங்காட்சியகம் உருவானதே ஆர்வலர்களின் முயற்சியால்தான். இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயர் மைக்கேல் சாட்டோ, கௌரவ ஆலோசகராக நாடெங்கும் அலைந்து பழைய என்ஜின்களைத் தேடினார். 1971-இல் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி அடிக்கல் நாட்டினார். 1977-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அன்று அழியும் நிலையில் இருந்தது நீராவி. ஆகவே ஆர்வலர்களின் கவனமும் அதன்மீதே இருந்தது, அதில் வியப்பில்லை.

பிரிட்டனில் வேறு விதமாக நடந்தது. கிரிச் என்ற ஊரில் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில் டிராம் ஆர்வலர்கள் 1959-இல் இடம் பிடித்தனர். பெட்டிகளைப் புதுப்பித்ததோடு நில்லாமல், தாங்களே தண்டவாளம் இட்டு, கம்பியும் இழுத்தனர். 1964-இல் அங்கே மின்சார டிராம் ஓடியது. பெட்டியைவிடக் கம்பிதான் கடினம் என்பதை அவர்கள் முன்பே உணர்ந்திருந்தனர்.

இந்தியாவில் அத்தகைய வாய்ப்பு எஞ்சியிருந்த நகரம் கொல்கத்தா. 1902 முதல் அங்கே மின்சார டிராம் ஓடுகிறது. 550 வோல்ட் நேர்திசைக் கம்பியும், நோனாபுகூர் பணிமனையும் இருந்தன. சென்னை (1953), தில்லி (1963), மும்பை (1964) ஆகிய நகரங்கள் வரிசையாகக் கைவிட்டதை கொல்கத்தா காப்பாற்றி வைத்திருந்தது. 1996 முதல் மெல்போர்ன் ஆர்வலர்களோடு சேர்ந்து உள்ளூர்த் தொண்டர்கள் "டிராம்ஜாத்ரா" விழா நடத்தி, பெட்டிகளை ஓவியங்களால் அலங்கரித்து ஓட்டினர்.

ஆயினும் 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு, மைதானம் - எஸ்பிளனேடு பாரம்பரியத் தடம் தவிர மற்றவற்றைக் கைவிடப் போவதாக அறிவித்தது. போக்குவரத்து நெரிசலே அரசு கூறிய காரணம். சாலை அகலமில்லாத நகரில் அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற தலைமை நீதிபதி டி.எஸ். சிவஞானம் தலைமையிலான கொல்கத்தா உயர் நீதிமன்ற அமர்வு, 2023-லேயே டிராம் மீட்புக்கு ஆலோசனைக் குழு அமைக்கச் செய்திருந்தது. தண்டவாளங்கள் மீது தார் ஊற்றி மூடப்படுவது குறித்த புகாரையும் 2025 ஜனவரியில் அந்த நீதிமன்றம் கடுமையாக எடுத்துக்கொண்டது.

ரயில்வே அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் 22-ஆவது இனம். நகர டிராம் பாதைகளோ மாநிலப் பட்டியலின் 13-ஆவது இனத்தில் அடங்கும். எனவே சாணக்கியபுரி அருங்காட்சியகத்தைப் பேணும் ரயில்வே அமைச்சகத்துக்கு எஸ்பிளனேடு கம்பியைப் பற்றிப் பேச இடமில்லை. மாநில அரசின் கணக்கிலோ டிராம் நட்டம் தரும் போக்குவரத்து இனம்.

எஸ்பிளனேடில் 2014-இல் "ஸ்மரணிகா" என்ற டிராம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1938-ஆம் ஆண்டைச் சேர்ந்த டிராம் அது. ஒரு பெட்டியில் பழைய பயணச் சீட்டுகளும் நாணயங்களும். மற்றொன்றில் சிற்றுண்டிக் கடை. டிராம் நகர்வதில்லை.