தோட்டத்துக்கு வரும் விலங்குகளைக் குறித்து வையுங்கள்

நீலகிரி மாவட்டத்தில் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வட்டாரங்களில் சோலைகளும் தேயிலைத் தோட்டங்களும் காய்கறி நிலங்களும் ஒன்றையொன்று ஒட்டியே உள்ளன. ஆகவே காட்டுமாடு, காட்டுப்பன்றி, கடமான், முள்ளம்பன்றி, கரடி, சிறுத்தை ஆகியவை விளைநிலத்துக்குள் வந்து போவது வழக்கம். அவை எப்போது, எந்த வழியாக வருகின்றன என்பதைக் குறித்து வைப்பது நல்ல பொழுதுபோக்கு. பயிரையும், கொழுந்து பறிப்பவர்களின் உயிரையும் காக்க அது உதவும்.

இந்தப் பழக்கம் நீலகிரிக்குப் புதியதல்ல. குன்னூரில் வழக்கறிஞராக இருந்த இ.ஆர்.சி. டேவிதார், மலை முகடுகளில் நடந்து வரையாடுகளை எண்ணிக் குறித்தார். 1963-லும் 1975-லும் அவர் எடுத்த கணக்குகள் பின்னால் வந்தவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவின. வனத்துறை 2024-ல் நடத்திய கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பது தெரியவந்தது.

என்ன குறிக்க வேண்டும்?

ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். மழையில் மை கரையும். பென்சில் எழுத்து கரையாது. நாள், நேரம், இடம், விலங்கின் பெயர், எத்தனை, குட்டி உண்டா, எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போனது, என்ன சேதம் ஆகியவற்றை எழுத வேண்டும். கண்ணால் பார்த்ததையும் தடத்தைக் கொண்டு ஊகித்ததையும் தனித்தனியாகக் குறிப்பது நல்லது.

தடம் பார்க்கும் முறை

பெரும்பாலான விலங்குகள் இரவில் வருவதால், காலையில் ஈர மண்ணில் தடம் பார்க்கலாம். காட்டுமாட்டின் குளம்புத் தடம் வீட்டு மாட்டின் தடத்தைவிடப் பெரியது. காட்டுப்பன்றியின் பிளவுக் குளம்புக்குப் பின்னால் இரண்டு சிறு குழிகள் பதிந்திருக்கும். மண்ணையும் கிளறிப் போட்டிருக்கும். சிறுத்தையின் தடத்தில் நான்கு விரல்கள் தெரியும், நகம் பதியாது. நாயின் தடத்தில் நகம் பதியும். கரடிக்கு ஐந்து விரல்களும் நீண்ட நகக் குறிகளும் இருக்கும். உருளைக்கிழங்கைக் கடித்துப் போட்ட இடத்தில் முள் கிடந்தால் வந்தது முள்ளம்பன்றி. தடத்தின் அருகே தீப்பெட்டியை வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தால் அளவு பின்னால் விளங்கும்.

பயன் என்ன?

சில மாதங்கள் தொடர்ந்து எழுதினால் விலங்குகளின் வழக்கமான பாதை தெரிந்துவிடும். நிலம் முழுவதும் காவல் இருப்பதை விட்டு, அவை நுழையும் மூலையில் வேலியைப் பலப்படுத்தலாம். காட்டுமாடு தேயிலையை விரும்பித் தின்பதில்லை. புல்லுக்கும் தண்ணீருக்கும் வருகிறது. அது படுக்கும் பகுதி எது என்று தெரிந்தால், பனி விலகி வெளிச்சம் வந்த பிறகு ஆட்களை அங்கே அனுப்பலாம். எதிர்பாராமல் மிக அருகில் போய்விடும்போதே பல விபத்துகள் நேருகின்றன.

பயிர்ச் சேதத்துக்கு நிவாரணம் கோரும்போது நாளும் பரப்பளவும் படமும் கையில் இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் விளக்குவது எளிது. சேதம் கண்டவுடன், தடம் அழியுமுன் தகவல் கொடுக்க வேண்டும்.

எச்சரிக்கை

விலங்கைப் பின்தொடரக் கூடாது. தனித்துத் திரியும் காட்டுமாட்டுக் காளையிடமும், குட்டியுடன் உள்ள கரடியிடமும் நெருங்கவே கூடாது. அனுமதியின்றிக் காப்புக் காட்டுக்குள் செல்வது குற்றம். சுருக்குக் கம்பி, நாட்டு வெடி, வேலியில் நேரடி மின்சாரம் ஆகியவையும் சட்டப்படி குற்றமே. அவை மனிதரையும் வீட்டு மாட்டையும்கூடக் கொல்லும். குட்டிகள் இருக்கும் இடத்தை ஊரெல்லாம் சொல்ல வேண்டாம்.

பக்கத்துத் தோட்டக்காரர்களும் இதேபோல் எழுதி, மாதம் ஒருமுறை குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால் கிராமம் முழுவதும் பயன் பெறும்.