முதல் ஆறு மில்லிமீட்டர்

மணலும் உலோகமும் – 9

சுவாமிமலைச் சிற்பிகள் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் கலந்து உருவம் சமைத்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்துச் சூடேற்றும்போது மெழுகு உருகி வெளியேறிவிடுவதால், மண்ணுக்குள் இருக்கும் உருவத்தை எப்படி வெளியே எடுப்பது என்ற கேள்வி அவர்களுடைய தொழிலில் எழுவதில்லை. ஆனால் அந்த முறையில் ஒரு மெழுகுருவுக்கு ஒரு சிலைதான் கிடைக்கும். பம்பு உறைகளையும் மோட்டார் கூடுகளையும் பிரேக் டிரம்களையும் ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் வார்க்க வேண்டிய பவுண்டரியில், பேட்டர்ன் என்று வழங்கும் மாதிரி வடிவத்தை மணலுக்குள் பதித்து, மணலை இறுக்கி, பிறகு அந்த மணல் குலையாதபடி பேட்டர்னை உருவி எடுத்து, அதே பேட்டர்னை அடுத்த அச்சுக்கும் பயன்படுத்தியாக வேண்டும். அச்சு இயந்திரங்களைப் பற்றிய நூல்கள் மணலை இறுக்கும் முறைகளுக்கே அதிகப் பக்கங்களை ஒதுக்கினாலும், நன்றாக இறுக்கப்பட்ட அச்சுகூட இந்த உருவும் கட்டத்தில் கெட்டுப்போகக்கூடும் என்பதால், அதனைத் தனியே ஆராய்வது தேவையாகிறது.

பற்றிக்கொள்ளும் விசைகள்

பவுண்டரிகளில் மிகப் பரவலாகப் பயன்படும் ஈரமணல் என்பது, சிலிகா மணலுடன் பென்டோனைட் களிமண்ணையும், இரும்பு வார்ப்பு என்றால் நிலக்கரித் தூளையும், எடையில் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடு நீரையும் கலந்து பிசைந்த கலவையாகும். இறுக்கிய பின் இந்த மணல் அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லது. சதுர சென்டிமீட்டருக்கு 15 முதல் 20 நியூட்டன் வரையிலான நெருக்கத்தை நல்ல கலவை தாங்கும். இழுத்துப் பிரிக்கும் விசைக்கு எதிராக அதன் வலிமை இதில் ஒரு சிறு பங்குதான். பேட்டர்னை உருவும்போது மணல் எதிர்கொள்வது இந்த இழுவிசையைத்தான் என்பதே சிக்கலின் வேர்.

மணலைப் பேட்டர்னோடு பிணைக்கும் விசைகள் மூன்று வகைப்படும். முதலாவது, ஈரக் களிமண் பேட்டர்னின் பரப்பில் ஒட்டிக்கொள்வது. இரண்டாவது உராய்வு: இறுக்கும்போது சற்றே சுருங்கிய மணல், அழுத்தம் நீங்கியதும் சிறிதளவு மீண்டு விரிந்து பேட்டர்னின் பக்கச் சுவர்களை நெருக்குவதால், உருவும்போது சுவர் நெடுகிலும் உரசல் ஏற்படுகிறது. மூன்றாவது, பலரும் கவனிக்கத் தவறும் காற்று வெற்றிடம். பேட்டர்ன் மேலெழும்போது அதன் அடியில் உண்டாகும் இடைவெளியை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அது வருவதற்கு மணல் துகள்களின் இடுக்குகளும் பேட்டர்னின் விளிம்பை ஒட்டிய நூலிழைப் பிளவும் தவிர வேறு வழியில்லை. வேகமாக உருவினால் காற்று வந்து சேருவதற்குள் அடியில் அழுத்தம் குறைந்துவிடுகிறது. வளிமண்டல அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் என்பதையும், மணலின் இழுவிசை வலிமை அதைவிடப் பன்மடங்கு குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முழு வெற்றிடம் தேவையின்றிப் பகுதி வெற்றிடமே ஆழமான குழியின் அடிமணலைப் பெயர்த்துவிடும் என்பது விளங்கும்.

சரிவின் கணக்கு

இதற்கு மிகப் பழைய பரிகாரம், பேட்டர்னின் செங்குத்துச் சுவர்களுக்குச் சிறிது சரிவு கொடுப்பதாகும். டிராஃப்ட் என்று வழங்கும் இச்சரிவு பொதுவாக ஒரு பாகையிலிருந்து மூன்று பாகை வரை இருக்கும். 100 மில்லிமீட்டர் ஆழமுள்ள சுவருக்கு ஒரு பாகை சரிவு கொடுத்தால், பேட்டர்ன் முழுவதும் வெளியேறும் தறுவாயில் ஒவ்வொரு பக்கத்திலும் 1.75 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். வரைபடத்தில் இது போதுமானதாகத் தோன்றினாலும், உருவத் தொடங்கும் நிலையில் கணக்கு வேறாகிறது. பேட்டர்ன் ஒரு மில்லிமீட்டர் எழும்போது சுவருக்கும் மணலுக்கும் இடையே விழும் இடைவெளி 0.0175 மில்லிமீட்டர் மட்டுமே. வழக்கமான அச்சு மணலின் துகளோ ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் பருமனுள்ளது. பக்கவாட்டில் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி உண்டாவதற்கே பேட்டர்ன் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் எழுந்தாக வேண்டும். அதற்குள் மேசை சற்றே ஆடினாலும் சாய்ந்தாலும் சுவர் மணலை உரசும்.

சாய்வின் விளைவையும் இவ்வாறே கணக்கிடலாம். 500 மில்லிமீட்டர் அகலமுள்ள அச்சுப் பெட்டியின் ஒரு பக்கம் மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் முந்தி எழுந்தால், 100 மில்லிமீட்டர் ஆழமுள்ள சுவரின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையே 0.2 மில்லிமீட்டர் பக்க விலகல் ஏற்படும். ஆறு மில்லிமீட்டர் எழுந்த பிறகும் கிடைத்திருக்கும் இடைவெளி 0.1 மில்லிமீட்டர்தான் என்பதால், இந்தச் சாய்வில் அச்சின் ஒரு சுவர் சிராய்வது உறுதியாகிறது. சரிவை இரண்டு பாகையாக்கினால் அதே இடைவெளி 3 மில்லிமீட்டரிலேயே கிடைத்துவிடும்; ஆனால் கூடுதல் சரிவு என்றால் கூடுதல் உலோகமும், பிறகு அதைக் கடைந்தெடுக்கும் செலவும் சேரும். ஆகவே சரிவைக் கூட்டுவதற்கும் இயந்திரத்தைச் செம்மைப்படுத்துவதற்கும் இடையே ஒவ்வொரு பவுண்டரியும் ஏதோ ஒரு புள்ளியைத் தேர்ந்துகொள்கிறது.

கையிலிருந்து இயந்திரத்துக்கு

கையால் அச்சு செய்பவர், பேட்டர்னைச் சுற்றியுள்ள மணலின் விளிம்பை நீரில் தோய்த்த தூரிகையால் நனைத்து, பேட்டர்னில் ஒரு கம்பியைச் செருகி, அதை நாற்புறமும் இலேசாகத் தட்டித் தளர்த்திய பிறகே உருவுவார். இத்தட்டல் ஒட்டுதலை அறுப்பதோடு அச்சின் குழியையும் சற்றே பெரிதாக்கிவிடுவதால், பேட்டர்னைச் செய்பவர் அந்த அளவைக் கணித்து முன்கூட்டியே குறைத்துச் செய்யும் வழக்கம் உண்டானது. தட்டும் கை மாறினால் வார்ப்பின் அளவும் மாறும் என்பது இம்முறையின் நீங்காக் குறை. தட்டும் வேலையைக் காற்றழுத்தத்தால் இயங்கும் வைப்ரேட்டர் ஏற்றபோது, வீச்சு சிறிதாகவும் எண்ணிக்கை பெரிதாகவும் அமைந்த ஒரே சீரான அதிர்வு கிடைத்தது. ஆனால் அதை உருவுதல் தொடங்குவதற்குச் சற்று முன் இயக்கி, பேட்டர்ன் விடுபட்டவுடன் நிறுத்திவிட வேண்டும். தேவைக்கு மேல் நீடிக்கும் அதிர்வு, இறுக்கிய மணலின் மெல்லிய மூலைகளையே தளர்த்திவிடும்.

விளிம்பு மணலைக் காக்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கையாளப்பட்ட மற்றொரு வழி ஸ்ட்ரிப்பிங் பிளேட் என்னும் தாங்கு தகடு. பேட்டர்னின் புறக்கோட்டுக்குச் சரியாக வெட்டப்பட்ட துளையின் வழியே பேட்டர்ன் கீழிறங்கும்போது, துளையைச் சுற்றியுள்ள மணலைத் தகடு தாங்கிக்கொள்வதால், பற்சக்கரம் போன்று சரிவே இல்லாத வடிவங்களையும் உருவ முடிகிறது. எனினும் பேட்டர்னுக்கும் தகட்டுக்கும் இடையே புகும் மணல் இரண்டையும் தேய்த்துவிடுவதாலும், ஒவ்வொரு பேட்டர்னுக்கும் தனித் தகடு வெட்ட வேண்டியிருப்பதாலும், எண்ணிக்கை மிகுந்த வேலைகளுக்கு மட்டுமே இது கட்டுபடியானது.

கோயம்புத்தூர் வட்டாரத்துச் சிறு பவுண்டரிகளில் இன்றும் காணப்படும் ஜோல்ட் ஸ்க்வீஸ் இயந்திரங்களில் பின் லிஃப்ட் முறை வழக்கமானது. மணலைக் குலுக்கி அழுத்திய பிறகு, பெட்டியின் நான்கு மூலைகளுக்கும் அடியிலிருந்து எழும் ஊசித்தண்டுகள், பேட்டர்ன் தகட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் தூக்குகின்றன. நான்கு தண்டுகளும் ஒரே நேரத்தில் பெட்டியைத் தொட்டு ஒரே வேகத்தில் எழுவதில்தான் இம்முறையின் வெற்றி அடங்கியிருக்கிறது. தண்டுகளைப் பொதுவான ஒரு சட்டத்தோடு பிணைப்பதும், தேய்ந்த புஷ்களை உரிய காலத்தில் மாற்றுவதும், பெட்டியின் அடிவிளிம்பில் மணல் படியாமல் பார்த்துக்கொள்வதும் முன்சொன்ன ஒரு மில்லிமீட்டர் சாய்வைத் தடுப்பதற்கே. ஆழமான குழிகள் உள்ள பேட்டர்ன்களில் இம்முறைக்கு மற்றொரு வரம்பும் உண்டு: தூக்கப்படும் பெட்டியிலிருந்து தொங்கும் மணல்திரள் தன் எடையையும் இழுவிசையால் தாங்க வேண்டியிருப்பதால் அறுந்து விழக்கூடும். அச்சை முழுவதும் கவிழ்த்து, மணல்திரளைத் தன் காலில் நிற்கவைத்து, பேட்டர்னை மேல்நோக்கி உருவும் இயந்திரங்கள் அக்குறையை நீக்குகின்றன.

உருவும் விசை எங்கிருந்து வருகிறது என்பதும் விளைவை மாற்றும். அழுத்தப்பட்ட காற்று சுருங்கி விரியும் தன்மையுடையது. ஒட்டுதல் நீடிக்கும்வரை உருளைக்குள் தேங்கிய காற்று, ஒட்டுதல் அறுந்த கணத்தில் விரிந்து பெட்டியை வெட்டி இழுக்கிறது. மிக மெதுவாக நகர வேண்டிய முதல் ஆறு மில்லிமீட்டரிலேயே இந்தத் துள்ளல் நிகழ்கிறது. ஆகவே காற்றைக் கொண்டு எண்ணெயை அழுத்தி, அந்த எண்ணெயைக் குறுகிய வால்வின் வழியே செலுத்தும் ஏற்பாடு வந்தது. எண்ணெய் ஏறத்தாழச் சுருங்காத நீர்மம் என்பதால் நகர்வு சீராகிறது. தொடக்கத்தில் மெதுவாகவும் பேட்டர்ன் விடுபட்ட பிறகு விரைவாகவும் நகரும் இருவேக ஒழுங்கு இதனாலேயே எளிதாயிற்று.

வெப்பமும் பரப்பும்

ஓயாது சுழற்சியில் இருக்கும் மணல், உருகிய இரும்பைத் தொட்டுத் திரும்பி, போதிய அளவு ஆறாமல் மீண்டும் அச்சுக்கு வரும்போது, குளிர்ந்த நீர் நிறைந்த சொம்பின் வெளிப்புறம் வேர்ப்பதைப் போல, அதன் ஆவி குளிர்ந்த உலோகப் பேட்டர்னின் மீது நீராகப் படிகிறது; அந்த ஈரப்படலத்தில் மணல் ஒட்டிக்கொள்கிறது. மணலின் வெப்பநிலை 50 பாகை செல்சியஸை நெருங்கினால் இத்தொல்லை தலைதூக்கும். மணலை ஆற்றும் கருவியும், பேட்டர்ன் தகட்டை மணலைவிடச் சற்றுக் கூடுதலாகச் சூடாக வைத்திருக்கும் மின் சூடேற்றியும் இதற்குத் தீர்வாகின்றன. காரணத்தை நீக்காமல் பிரிப்பு நீர்மத்தை மட்டும் அடிக்கடி தெளித்தால், அது மணலோடு சேர்ந்து பேட்டர்னின் மூலைகளில் கெட்டியாகப் படிந்து, சில மணி நேரத்தில் ஒட்டுதலை முன்பைவிட மோசமாக்கக்கூடும். பேட்டர்னின் பரப்பை வழவழப்பாக மெருகிடுவதும், உலோகப் பேட்டர்னுக்குக் குரோமியம் பூசுவதும், உள்மூலைகளைக் கூராக விடாமல் வளைப்பதும், ஆழமான இடங்களில் காற்று நுழையும் துளைகளைப் பொருத்துவதும் நிலைத்த பயன் தருபவை.

டென்மார்க்கின் விடை

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாகன் ஆகே யெப்பசன் 1957-இல் காப்புரிமை கோரிய வடிவமைப்பைக் கொண்டு உருவான டிசாமாட்டிக் இயந்திரம், 1962-இல் டுசெல்டார்ஃப் நகரின் வார்ப்புத் தொழில் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. இதில் அச்சுப் பெட்டியே கிடையாது. எதிரெதிரே செங்குத்தாக நிற்கும் இரண்டு பேட்டர்ன் தகடுகளுக்கு இடையிலுள்ள அறைக்குள் மணல் காற்றால் செலுத்தப்பட்டு நெருக்கப்படுகிறது. பிறகு ஒரு தகடு நேர்கோட்டில் பின்வாங்கி, முற்றிலும் விலகிய பின்னரே மேல்நோக்கி மடங்குகிறது. மற்றொரு தகடு அச்சுக்கட்டியை முன்னே தள்ளி முந்தைய கட்டியோடு சேர்த்துவிட்டுத் தானும் பின்வாங்குகிறது. மணிக்கு 240 அச்சுகள் வரை, அதாவது 15 நொடிக்கு ஓர் அச்சு என்ற வேகத்தில் தொடக்க இயந்திரங்களே இயங்கின. அந்தக் குறுகிய நேரத்துக்குள்ளும் பிரியும் நகர்வின் தொடக்கத்தை மெதுவாக வைத்து, அதிர்வையும் தகட்டின் சூட்டையும் அதனோடு இணைத்திருப்பது கவனிக்கத்தக்கது. பின்வாங்கும் தகடு மடங்குவதற்கு முன் நேராக விலகுவது, சாய்வைப் பற்றி மேலே சொன்ன கணக்கை இயந்திரம் ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகும்.

உருவுவதையே தவிர்க்கும் அல்லது எளிதாக்கும் முறைகளும் தோன்றின. 1958-இல் ஹரால்ட் ஷ்ராயர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறையில், நுரை நெகிழியாலான பேட்டர்ன் மணலுக்குள்ளேயே விடப்பட்டு, ஊற்றும் உலோகத்தின் சூட்டில் ஆவியாகிவிடுகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஜப்பானில் உருவான வெற்றிட அச்சு முறையில், பேட்டர்னின் மீது போர்த்திய மெல்லிய நெகிழித்தாள் மணல் ஒட்டுவதைத் தடுப்பதால், சரிவில்லாத சுவர்களும் இயலுகின்றன. எனினும் முன்னதில் ஒவ்வொரு வார்ப்புக்கும் ஒரு பேட்டர்ன் அழிகிறது. பின்னதில் வேகம் குறைகிறது. ஆதலால் பெருந்தொகை உற்பத்தியில் ஈரமணலும் உருவப்படும் பேட்டர்னுமே நிலைத்துள்ளன.

உருவும் சிக்கலுக்குப் புதிய இயந்திரமே மருந்து என்ற எண்ணம் இவ்வரலாற்றோடு பொருந்துவதில்லை. விளிம்பு உடைந்த அச்சுகள் மிகும்போது, முதலில் மணலின் வெப்பநிலையையும் ஈரத்தையும் அளந்து, அடுத்து நான்கு தண்டுகளின் மட்டத்தை டயல் கேஜ் வைத்துச் சோதித்து, பேட்டர்னின் தேய்மானத்தையும் சரிவையும் பார்த்து, தொடக்க வேகத்தைக் குறைத்துப் பார்த்த பிறகே முதலீட்டைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். மட்டம் தவறிய தண்டுகளின் மீது பொருத்தப்படும் விலையுயர்ந்த வைப்ரேட்டர் வீண் செலவே.

(தொடரும்)