நீலி ஏன் அழுதாள்?

சென்ற ஆண்டு என் தமக்கை கணவன் வீட்டிலிருந்து அழுதுகொண்டு ராயகிரிக்கு வந்தாள். பெரியவர்கள் கூடிப் பேசினர். "எல்லாம் நீலிக் கண்ணீர்" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். அவள் தோளிலிருந்த சூட்டுத் தழும்பை மறுநாள்தான் அம்மா கண்டாள். அதன் பிறகே அந்த நீலி யார் என்று கேட்கத் தோன்றியது.

நம் பக்கத்துக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டில் இசக்கியம்மன் கதை கேட்டவர்கள் அவளை அறிவார்கள். கதை ஊருக்கு ஊர் மாறும், கரு ஒன்றுதான். நகைக்கு ஆசைப்பட்டவன், தன்னை நம்பி வந்தவள் உறங்கும்போது தலையில் கல்லைப் போட்டுக் கொன்றான். கண்ட சாட்சி ஒரு கள்ளிச்செடி. மறுபிறப்பில் அவன் வணிகன், அவளோ பேய். கள்ளிக் கொம்பையே குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, பழையனூர் அவையில், "இவர் என் கணவர்" என்று அழுதாள். வணிகன் அஞ்சி மறுத்தான். வேளாளர் எழுபதின்மர் தம் உயிரையே பிணையாக்கி அவனை அவளோடு அனுப்பினர். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். சொன்ன சொல் காக்க எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகமே இவ்வஞ்சத்தைக் குறிப்பிடுகிறது என்றால் கதையின் பழமையை உணரலாம்.

பேயச்சத்துக்கு உளப்பகுப்பாய்வு ஒரு விளக்கம் தருகிறது. இறந்தவர்மேல் நாம் கொண்டிருந்த பகை நனவிலி மனத்தில் அமுங்கிக் கிடக்கும். அதைத் தனதென ஒப்பாத மனம் இறந்தவர்மேலேயே ஏற்றி, 'அவர் நம்மைப் பகைக்கிறார்' என நடுங்கும். 1913-இல் வெளிவந்த 'குலக்குறியும் விலக்கும்' நூலில் பிராய்டு இதனைப் புறத்தேற்றம் என்பார். அவ்வாறாயின் நீலியின் கொலைவெறி, கொன்றவனின் குற்ற உணர்வேயாகும். கொலைகாரனுக்கு இது பொருந்துகிறது. ஆனால் கதையைக் கட்டியது ஊரல்லவா? உயிரோடிருந்தவளுக்கு ஓர் அவை கூடவில்லை; பேயாய் வந்த பிறகே கூடியது. அந்தக் குற்ற உணர்வு ஊருடையது என்பதே என் எண்ணம்.

கண்ணகியும் பழிதீர்த்தாள், மதுரை எரிந்தது. கணவனுக்காகப் பழிதீர்த்தவளைப் பத்தினி என்றோம். தன்னைக் கொன்றவனையே பழிதீர்த்தவளின் பெயரோ பொய்யழுகைக்கு அடைமொழி ஆயிற்று! அவள் சொன்ன உறவு பொய்யாயினும் அழுகைக்குக் காரணம் மெய்தானே?

பெண்கள் அவளை வேறு விதமாக அறிந்திருக்கிறார்கள். கையில் ஒரு குழந்தையும் வாயில் கடிபட்ட குழந்தையுமாக நிற்கும் இசக்கியிடந்தான் பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டுகிறார்கள். மழலை மனம் தாயை நல்லவள், கொடியவள் என இரண்டாகப் பிளந்து காணும் என்றார் மெலனி கிளைன். நம் குயவர் இருவரையும் ஒரே மண்ணில் பிசைந்துவிட்டார்.

இவ்வாண்டுக் கொடையில் என் தமக்கையும் பொங்கலிட்டாள். என்ன வேண்டினாள் என்று நான் கேட்கவில்லை.