பனியும் மரையும்: மத்திய மலைநாட்டை முன்வைத்து ஒரு நோக்கு

மார்கழி, தை மாதங்களில் நுவரெலியாவில் உறைபனி விழுந்தது என்ற செய்தி கண்டிக்கு எட்டும்போது, தேயிலைக் கொழுந்து கருகியமை பற்றியே பெரிதும் பேசப்படுகின்றது. அதே பனியில் இரவைக் கழிக்கும் மரையைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. கடுங்குளிர் மானினத்தை எவ்வாறு தாக்குகின்றது என்பது உயிரியலாளரின் வினா என்று இலக்கிய மாணவர் ஒதுங்கிவிடுவதும் உண்டு. இவ்வினாவுக்கு வரலாறும் நிலவுடைமையும் இன்றி விடை காணவியலாது என்பது எமது கருத்து.

முதலில், மாரி கொடிய வடநாடுகளை நோக்குவோம். அங்கு மான் குளிரினால் நேரடியாக மடிவது குறைவு. பெரும்பாலும் பசியினாலேயே மடிகின்றது. ஆழ்ந்த பனி புல்லை மூடிவிடுகின்றது. வயிறளவு பனியில் ஓரடி எடுத்துவைப்பதற்குச் செலவாகும் சக்தியைக் கிடைக்கும் சுள்ளியும் மரப்பட்டையும் ஈடுசெய்வதில்லை. கோடையிற் சேர்த்த கொழுப்பு இளவேனிலுக்கு முன் தீர்ந்துவிட, முதலில் அவ்வாண்டுக் குட்டிகளும் பின்னர் முதிய விலங்குகளும் வீழ்கின்றன. மெலிந்த பிணைகள் ஈனும் குட்டிகள் நலிந்தவையாதலால், ஒரு மாரியின் விளைவு அடுத்த ஆண்டிலும் தொடர்கின்றது. இரக்கங்கொண்டு திடீரெனத் தானியம் இடுவதும் ஆபத்தாகலாம். சுள்ளிக்குப் பழகிய இரைப்பை நுண்ணுயிர்கள் அதனை ஏற்கமாட்டா.

ஆயினும் மாரி மட்டுமே குற்றவாளி அன்று. அலாஸ்காவுக்கு அப்பாலுள்ள செயின்ற் மத்தியூ தீவில் 1944இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படை 29 துருவமான்களைக் கொண்டு சென்று விட்டது. போர்க்கால நிலையமொன்றின் அவசர உணவாகவே அவை கருதப்பட்டன. நிலையம் விரைவில் மூடப்பட்டது, மான்கள் தங்கிவிட்டன. அவற்றை வேட்டையாட ஓநாய் இல்லை. 1963இல் அவற்றின் தொகை 6,000 ஆயிற்று. மாரிக்கால உணவான கற்பாசியை அவை மேய்ந்து தீர்த்திருந்த நிலையில், 1963–64இன் கடும்பனி வந்தது. 1966இல் எண்ணியபோது எஞ்சியவை 42. பனி இறுதி அடியைக் கொடுத்தது என்பது மெய்யே. ஆனால் அந்த அடி உயிர்பறிப்பதற்கான நிலைமைகள் முன்னரே உருவாகியிருந்தன. வெளியேறும் வழியற்ற நிலம், மனிதர் தம் தேவைக்காகக் கொண்டுவந்து கைவிட்ட உயிர்கள் என்னும் இவ்விரண்டையும் மனங்கொள்ளல் வேண்டும்.

இனி எமது மலைநாடு. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் உறைபனி இல்லை. 2,100 மீற்றர் உயரத்து ஹோட்டன் சமவெளியிலோ வானம் தெளிந்த தை மாத இரவுகளில் நிலம் வெப்பத்தை விரைந்து இழக்க, கனத்த குளிர்காற்று பள்ளங்களில் தேங்கிப் புல்நுனியிற் பனி உறைகின்றது. அதுவே மழை குறைந்த காலமும் ஆகும். பனியும் வரட்சியும் சேர்ந்து புல்லைக் கருக்க, மரை காட்டோரத் தழையை நாடுகின்றது. பருத்த உடல் வெப்பத்தைக் காக்கும். காடு காற்றைத் தடுக்கும். இங்கு பனி ஆழமாகக் குவிவதில்லை ஆகையால், வடநாட்டுப் பேரழிவுகள் நிகழ்வதில்லை. புள்ளிமான் தாழ்நில வரண்ட வலயத்தோடு நின்றுவிட, மரை தாழ்நிலத்திலும் மலையுச்சியிலும் வாழவல்லது.

எனவே மலைநாட்டு மரையைக் குறைத்தது எது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை காட்டவியலாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கியது. கண்டியைச் சூழ்ந்த சரிவுகளிற் கோப்பி ஏறியது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலை ஏறியது. நுவரெலியாவிற் குடியேறிய சாமுவெல் பேக்கர் வேட்டைநாய்களைக் கொண்டு மரைகளைத் துரத்தினார். தம் வேட்டைகளைப் பெருமையுடன் நூலாகவும் எழுதினார். (மரையை அத்துரைமார் ‘எல்க்’ என்றனர், பெயரிலும் ஐரோப்பாவே அவர்களுக்குத் தேவைப்பட்டது!) 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டைக் காக்கவேண்டும் என்று 1873இல் தாவரவியலாளர் ஹூக்கர் கூறினார். அதற்குக் கீழ் நின்ற காட்டிற் பெரும்பகுதி தோட்டமாயிற்று. குளிர்நாட்டு மான் மாரியிற் பள்ளத்தாக்குக்கு இறங்கும். இங்கு இறங்கும் சரிவுகளிற் பெரும்பாலானவற்றிலே தேயிலை நிற்கின்றது.

தமிழிலக்கியம் மரையையும் குளிரையும் முன்னரே ஒருங்கு கண்டுள்ளது. குறுந்தொகையின் 235ஆம் செய்யுளிலே தலைவன் வாடைக்காற்றை விளித்து, தலைவியின் மலையூரைக் காக்குமாறு வேண்டுகின்றான். புல்வேய்ந்த குடிசைகளையும், முற்றத்திலே மரைக்கூட்டம் நெல்லியை உண்ணும் காட்சியையும் கொண்ட ஊர் அது. மனிதர் மனைக்கும் விலங்கின் மேய்ச்சலுக்கும் இடையே அங்கு வேலியில்லை. நெடுநல்வாடையோ மேய்ச்சலை மறந்த விலங்குகளையும், வெள்ளத்தால் இடம்பெயர்ந்து நெருப்பிற் கைகாய்த்து நடுங்கும் கோவலரையும் முதலிற் காட்டி, அதன்பின்னரே அரசியின் அரண்மனைக்குட் புகுகின்றது. குளிர் எவரை எவ்வாறு தீண்டுகின்றது என்பதில் அப்புலவனுக்கு மயக்கமில்லை.

மரையின் காடு வெட்டப்பட்ட இடத்திற் கொழுந்து பறிக்கத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட எம்மவர், அதே பனியை லயத்தின் தகரக் கூரையின் கீழ்த் தாங்கினர். அவர்களுக்கு வழங்கப்பட்ட கம்பளியும் கடன் கணக்கில் ஏறியது.

1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் சட்டமும், 1988இல் ஹோட்டன் சமவெளி தேசிய பூங்காவாக்கப்பட்டமையும் மரைக்கு ஓரளவு பாதுகாப்பளித்தன. இன்று மாலையில் அவை கூட்டமாகப் புல்வெளிக்கு வருவதைக் காணலாம். ஆயினும் அந்நியர் கொணர்ந்த முட்செடியான கோர்ஸ் அப்புல்வெளியிற் பரவியுள்ளது. சுற்றுலாப் பயணிகள் நீட்டும் உணவுக்குப் பழகிய மரைகள் வாகனத் தரிப்பிடத்தில் நிற்கின்றன.