உஷார்! தூங்காத ராத்திரி, இறங்காத பிரஷர்

ரியாத் பத்தாவில் வெள்ளிக்கிழமை மாலை கூடுகிற நம்மவர்களில் ஐம்பத்தைந்தைத் தாண்டிய அண்ணன்மாரே, இது உங்களுக்குத்தான். காலையில் ஒரு பிரஷர் மாத்திரை போட்டாச்சு, போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

நல்ல தூக்கத்தில் ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்க வேண்டும். கவலையோடு புரண்டு படுத்தால் அட்ரினலின் அடங்காது, அழுத்தமும் இறங்காது. இரவில் இறங்காதவர்களுக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வரும் வாய்ப்பு அதிகம். வயது ஏற ஏற ரத்தக் குழாய் விறைத்துப்போவதால் ஆபத்து இன்னும் கூடும். கிளினிக்கில் பகலில் ஒரு தரம் பார்த்தால் இது பிடிபடாது. 24 மணி நேரமும் உடம்பில் மாட்டி அளக்கும் கருவிதான் காட்டிக்கொடுக்கும்.

பத்தாவில் தூக்கம் கெடுவது போனில். வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, பத்து மணிக்கு எடுத்தால் ஊரில் பன்னிரண்டரை. ஊர் விழிக்கும் ஆறு மணிக்குப் பேச இங்கே மூன்றரைக்கு எழ வேண்டும். எழுகிறவர்கள் உண்டு. மகள் கல்யாணக் கடனும் வீட்டுச் சண்டையும் அந்த நேரத்தில்தான் காதில் விழும். வில்லங்கமான பேச்சையெல்லாம் லீவு நாள் பகலுக்குத் தள்ளுங்கள், ஒன்றும் குடி முழுகாது.

தூக்கத்தைக் கெடுப்பது போன் மட்டுமல்ல, தனிமையும்தான். இங்கே கூட வைத்திருக்கும் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் 100 ரியாலாக 2017 ஜூலையில் தொடங்கிய லெவி என்ற சவூதி அரசுக் கட்டணம், 2020இல் 400 ஆனது. கட்ட முடியாமல் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, நரைத்த வயதில் மறுபடி ‘பேச்சிலர்’ ஆனவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தனிமையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உடம்பு சொல்லிவிடும்.

ரூமில் குறட்டையைக் கிண்டல் செய்கிறோம். மூச்சு நின்று, திணறி விழிக்கிற குறட்டை என்றால் சிரிக்காதீர்கள். மாத்திரைக்கு அடங்காத பிரஷருக்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

தூக்கம் வரவில்லை என்று ஊரிலிருந்து வருகிறவரிடம் தூக்க மாத்திரை சொல்லி அனுப்பவே அனுப்பாதீர்கள். அல்பிரசோலம், டயசெபம் எல்லாம் சவூதியில் கட்டுப்பாட்டு மருந்துகள். அனுமதி இல்லாமல் பிடிபட்டால் கொண்டுவந்த அப்பாவி ஜெயிலுக்குப் போக நேரும். மூட்டுவலிக்கு நாமாக வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் கூடப் பிரஷரை ஏற்றக்கூடியவை.

கம்பெனி இன்சூரன்ஸ் கார்டைப் பயன்படுத்துங்கள். டாக்டரிடம் தூக்கத்தையும் மனக்கஷ்டத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை மரத்தாலோ, நெஞ்சு அடைத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 997க்குப் போன் போடுங்கள்.