கடிவாளம் இல்லாமலும் குதிரை ஓட்டலாம்!

புனே கேம்ப் பகுதியில் அதிகாலையில் பஸ்சுக்குக் காத்து நின்றவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். ரேஸ்கோர்ஸ் பக்கம், தூறலும் இருட்டுமாக இருக்கும் நேரத்தில் குதிரைகள் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கும். மும்பையில் மழை கொட்டி அங்கே ஓட முடியாத மாதங்களில் பந்தயம் இங்கே வந்துவிடும். ஜூலையில் தொடங்கும். 1830-ம் ஆண்டில் ராணுவத்தார் அமைத்த மைதானம் அது.

பந்தயத்தில் பணம் கட்டுவது பற்றி எழுதப் போவதில்லை. அதில் சம்பளத்தை விட்டவர்கள் நம்மவர்களிலும் உண்டு; அந்தக் கதை வேறு. குதிரையைத் தேய்த்து, கழுவி, தீனி வைத்து நிறுத்துகிறவர்களின் வேலையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மராத்தியில் அவர்களை 'மோதத்தார்' என்பார்கள். மற்றவர்களுக்கு 'சைஸ்' என்றால் புரியும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, பல வருடங்கள் லாயத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய இடது கையில் மோதிர விரலில் பாதி இல்லை. "கயித்தக் கையில சுத்திப் பிடிச்சேன் தம்பி. குதிரை மிரண்டு இழுத்துது. கயிறு போச்சு, கூடவே விரலும் போச்சு" என்றார். அவர் முதலில் சொல்லிக் கொடுத்த பாடமே அதுதான். கயிற்றை மடித்துப் பிடிக்கலாம். கையில் சுற்றக் கூடாது.

குதிரைக்குத் தன் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கண் தெரியாது. ஆகவே பக்கவாட்டில், இடது தோளை நோக்கிப் போக வேண்டும். போகும்போதே பேச்சுக் கொடுக்க வேண்டும். தமிழில் பேசினாலும் அதற்குப் புரியும், குரல்தான் முக்கியம் என்பது பெரியவர் கருத்து. பின்புறம் கடந்து போவதாக இருந்தால் ஒரு கையை அதன் முதுகில் வைத்து ஒட்டியே போகலாம். அல்லது உதை எட்டாத தூரத்தில் விலகிப் போகலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன்தான் உதை வாங்குவான்.

தேய்ப்பது எப்படி?

'கராரா' என்று வட்டமான பல் சீப்பு ஒன்று உண்டு. கழுத்தில் தொடங்கி, வட்டம் வட்டமாகத் தேய்த்தால் காய்ந்த சேறும் உதிர்ந்த ரோமமும் மேலே வரும். சதைப்பிடிப்பான இடங்களுக்கு மட்டுமே இது. முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் எலும்பு தோலை ஒட்டி இருப்பதால் அங்கே மெல்லிய பிரஷ்தான். பிறகு ரோமம் படிந்திருக்கும் போக்கில் பிரஷ் போட வேண்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் ஒரு ஈரத் துணி, வாலடிக்கு வேறு துணி. இரண்டையும் மாற்றக் கூடாது.

அழகுக்காக மட்டும் இவ்வளவு பாடு இல்லை. தேய்க்கும்போதுதான் முதுகில் எங்கே சூடு, எங்கே வீக்கம், சேணத்தின் வார் எங்கே அறுத்திருக்கிறது என்று கைக்குத் தெரியும். புண்ணின் மேல் சேணம் போட்டால் சாதுக் குதிரையும் ஆளைத் தூக்கி எறியும். அதைத் திமிர் என்று சொல்லி அடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

புனே மழைக்காலத்தில் குளம்புதான் பெரிய கவலை. ஈர வைக்கோலில் நின்றால் குளம்பின் அடியில் அழுகல் பிடிக்கும். மூக்கைப் பிடிக்க வைக்கும் நாற்றம் வரும். தினமும் கொக்கியால் குதிகாலிலிருந்து முன்பக்கமாகச் சுரண்டி எடுக்க வேண்டும். நடுவே முக்கோணமாக இருக்கும் மென்மையான பகுதியைக் குத்தக் கூடாது. ஐந்தாறு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று: லாயத்து மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி உண்டு. இந்த வேலைக்குப் போகிறவர் முதலில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். குதிரைக்கும் அந்த ஊசி தேவை.

குதிரை வளர்க்கத் தெரியாததால் வந்த நஷ்டம் நம் நாட்டுக்குப் பழசு. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குவார்களாம். வருடக் கடைசியில் மிஞ்சுவது சொற்பமாம். சோற்றையும் வேக வைத்த இறைச்சியையும் கொடுத்தார்களாம்! குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் வேண்டுமென்றே அழைத்து வரவில்லை என்றும் சொல்கிறார். செத்தால்தானே மறுபடி விற்க முடியும்?

வாய்க்குள் இரும்பு எதற்கு?

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான் உட்காருகிறது. எலும்பின் மேல் மெல்லிய ஈறு மட்டுமே உள்ள இடம். தேர்ந்தவன் கையில் இருந்தால் சுண்டு விரல் அசைவே போதும். தெரியாதவன் லகானைப் பிடித்துத் தொங்கினால் வாய் ரத்தம்தான். கல்யாண ஊர்வலக் குதிரைகளுக்கு முள் வைத்த இரும்பு போடுகிறவர்களும் உண்டு. சுமை, வண்டி இழுக்கும் பிராணிகளுக்கான 1965-ம் ஆண்டு விதிகளின்படி முள் கடிவாளம் குற்றம். இது பலருக்குத் தெரியாது.

இரும்பே இல்லாமல் ஓட்ட முடியாதா? முடியும். பழங்காலத்தில் வட ஆப்பிரிக்காவின் நுமிடியக் குதிரை வீரர்கள் கழுத்தில் ஒரு கயிறும் கையில் ஒரு குச்சியுமாகப் போருக்கே போனார்கள். அவ்வளவு தூரம் ஏன்? மழை முடிந்ததும் புனே ஓரமாக ஆட்டு மந்தையுடன் கொங்கண் பக்கம் இறங்கும் தன்கர் இடையர்களைப் பாருங்கள். சட்டி பானை, கோழி, சில சமயம் குழந்தையையும் சுமந்து நடக்கும் குட்டையான குதிரைகள் பீமா நதிப் பக்கத்து பீம்தடி இனம். முகத்தில் வெறும் கயிறு கட்டி நடத்திப் போவதைப் பார்க்கலாம்.

ஓட்டுவதற்கான எளிய முறை, மூக்குப் பட்டையின் இரண்டு பக்கமும் லகானை மாட்டுவது. பட்டை மூக்குத் துவாரத்துக்கு நாலு விரல்கடை மேலே இருக்க வேண்டும். கீழே இறங்கினால் மெல்லிய எலும்பை அழுத்தும், மூச்சும் தடைப்படும். இதில் நெம்புகோல் போல இரும்புக் கரங்கள் வைத்ததும் விற்கிறது. வாயில் இரும்பு இல்லை என்பதால் அதைச் சாது என்று எண்ணிவிடக் கூடாது. இழுத்தால் மூக்கை நசுக்கும்.

பழக்குவது தரையிலிருந்து தொடங்க வேண்டும். கயிற்றை லேசாக இழுத்துப் பிடித்திருந்து, குதிரை தலையைத் திருப்பிய அந்த நொடியில் தளர்த்த வேண்டும். அது கற்றுக்கொள்வது தளர்த்துவதிலிருந்துதான். பிறகுதான் வேலி போட்ட இடத்தில் ஏறி உட்கார வேண்டும். ஹெல்மெட் அவசியம். அங்கவடிக்குள் நழுவாதபடி சிறிது குதிகால் உள்ள ஷூ வேண்டும், செருப்பு ஆகாது. பாதி வேலையை உட்காரும் விதமும் காலும் செய்ய வேண்டும். மிரண்டு ஓடினால் இரண்டு லகானையும் சேர்த்து இழுப்பதில் பயனில்லை. வேகம் கூடுவதற்கு முன்பே ஒரு பக்கத்தை மட்டும் மெல்ல இழுத்தால் தலை திரும்பும், வட்டம் சுற்றி நிற்கும். நடையில் இதைப் பத்து நாள் பழக்கிய பிறகே ஓட்டம்.

பந்தயத்தில் ஓடும் குதிரைகளுக்கு இரும்புதான். சர்வதேசப் போட்டிகளில் தடை தாண்டுவதற்கு இரும்பில்லாத கடிவாளத்தை அனுமதிக்கிறார்கள். நடை அழகு காட்டும் போட்டிக்கு அனுமதி இல்லை.

லீவு நாளில் பிள்ளைகளுடன் மாதேரான் போகிறவர்கள் தஸ்தூரி நாக்காவில் காரை விட்டு இறங்கியதும் குதிரைக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பேரம் பேசும் முன் குதிரையின் வாயோரத்தையும் சேணத்துக்கு அடியையும் ஒரு முறை பாருங்கள். புண் இருந்தால் வேறு குதிரை கேளுங்கள். நம் 'லகான்' அங்கே 'லகாம்'. அந்த ஒரு சொல்லும் விரலால் சுட்டுவதுமே போதும், குதிரைக்காரருக்குப் புரிந்துவிடும்.

பெரியவர் இப்போதும் சில காலைகளில் ரேஸ்கோர்ஸ் வேலியோரம் போய் நிற்கிறார். குதிரை எதுவும் அவருக்குச் சொந்தமில்லை. பாக்கெட்டில் மட்டும் ஒரு கேரட் இருக்கும்.